குரங்கணிக்கு மேலே ஓர் அவசர ஜீப்பு

குரங்கணிப் பக்கம் உள்ள ஒரு விடுதி தன் இணையப் பக்கத்தில், மூத்த விருந்தினர் ஒருவர் ஜீப்பின் குலுக்கல் தாங்காமல் பாதி வழியில் இறங்கிவிட்டதாகவும் அதற்கு வருந்துவதாகவும் எழுதியிருக்கிறது. அந்த மூத்த விருந்தினர் நான்தான். வயது எழுபத்தொன்று. நான் குலுக்கலுக்காக இறங்கவில்லை. அங்கே போக நினைப்பவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கணவர் காலமான பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை தனியாகப் பயணம் போகிறேன். இந்த ஜனவரியில் அந்த விடுதியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அதன் அறிவிப்பு. பன்னிரண்டு அறைகள் கொண்ட சிறிய விடுதி. தன் சமூகப் பொறுப்பாக மலைக் குடியிருப்புகளுக்கு ஓர் அவசர ஜீப்பு கொடுத்திருப்பதாகவும், அறைக்கு ஐநூறு ரூபாய் கூடுதலாகத் தந்தால் அதன் டீசலுக்கும் பராமரிப்புக்கும் போகும் என்றும் சொன்னது. தந்தேன். தந்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மதுரையிலிருந்து காலை ரயிலில் போடிநாயக்கனூருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது. பஸ் நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். அங்கிருந்து குரங்கணி சுமார் பதினைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பஸ் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றைத் தவறவிட்டு இரண்டு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். விடுதி அறை சுத்தம், வெந்நீரும் வந்தது. படுக்கை விரிப்பில் இருந்த காபிக் கறையை மட்டும் சொல்லி மாற்ற வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு, மலை உச்சியில் காட்சி பார்க்கும் இடத்துக்கு ஜீப்பில் கிளம்பினோம். ஆளுக்கு அறுநூறு ரூபாய். என்னுடன் கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு இளம் தம்பதிகள். ஓட்டுநர் முருகேசன், போடிக்காரர். நான்கு கிலோமீட்டர் ஏறியிருப்போம். ஒரு வளைவில் நான்கு பேர் போர்வையைக் கம்பில் தூளி போலக் கட்டி, ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். எங்களைக் கண்டதும், யாரும் சொல்லாமலே, சரிவின் ஓரத்தில் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார்கள்.

வண்டியை நிறுத்தச் சொல்லி, கூட வந்த பெண்ணிடம் விசாரித்தேன். தூளியில் இருந்தவர் அவளுடைய நாத்தனார் பேச்சியம்மாள். ஏலச்செடியின் தூரில் கைவிட்டுக் காய் பறிக்கும்போது வலது கையில் பாம்பு கடித்துவிட்டது. கடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவசர ஜீப்பைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"நீங்க ஏறி வந்திருக்கதுதான் ஆத்தா அந்த ஜீப்பு" என்றாள். "சனி ஞாயிறு கெஸ்ட்டு வண்டின்னு சாவி தரமாட்டாக. கேட்டுக் கேட்டு அலுத்துப்போயி இப்ப கேக்குறதே இல்ல."

இறங்கிப் பார்த்தேன். கதவை மறைத்துக் கட்டியிருந்த விடுதியின் விளம்பரத் துணியைத் தூக்கினால், அடியில் சிவப்பு எழுத்தில் 'மலைமக்கள் அவசர ஊர்தி'.

வண்டியைத் திருப்பச் சொன்னேன். முருகேசன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மொதலாளியக் கேக்காமத் திருப்புனா என் சோலி போயிரும்மா" என்றார். போனில் சிக்னல் இல்லை. இளைஞர்களில் ஒருவர், இப்போது கிளம்பினால்தான் பனி கலைவதற்குள் போய்ச் சேரலாம் என்றார். நான் என் பையை எடுத்துக்கொண்டு நால்வரையும் இறங்கச் சொன்னேன். சொன்ன விதம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இறங்கினார்கள். முதலாளி கேட்டால் கிழவி வழிமறித்தாள் என்று சொல்லுங்கள் என்றேன் முருகேசனிடம்.

"அத நம்பிருவாருங்கம்மா" என்றார் அவர். பிறகு தூக்கி வந்தவர்களைப் பார்த்து, "ஏத்துங்கப்பு, வெரசா" என்றார்.

நான்கு கிலோமீட்டர் நடந்து இறங்க எனக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. விடுதி உரிமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். விருந்தினரின் பாதுகாப்பே தம் முதல் பொறுப்பு என்றார். வாரக் கடைசியில் சுற்றுலாவுக்கு ஓடினால்தான் மற்ற நாளில் ஜீப்புக்கு டீசல் போட முடியும் என்றார். அப்படியானால் என் ஐநூறு ரூபாய் எதற்கு என்று கேட்டேன். எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் போய்ப் பேச்சியம்மாளை மருத்துவமனையில் பார்த்தேன். உயிருக்கு ஆபத்தில்லை. கை தோள் வரை வீங்கியிருந்தது. இரண்டு விரல்களைப் பற்றி இன்னும் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். காய் பறிக்கிறவளுக்கு விரல்தான் பிழைப்பு. வரும் வழியில் விடுதி வாசலில் வண்டியை நிறுத்தி மானேஜர் படம் எடுத்ததையும், சாயங்காலம் ஒரு காகிதத்தோடு மருத்துவமனைக்கே வந்ததையும் பேச்சியம்மாளே சொன்னார்.

"ஜீப்பு குடுத்ததுக்கு நன்றின்னு எழுதிக் கொண்டாந்து கைநாட்டு வைக்கச் சொன்னாக ஆத்தா. எந்தக் கையில வைக்கன்னு கேட்டேன். வீங்காத கையில வையின்னாக."

அந்தப் படமும் அந்தக் கைநாட்டும் இப்போது விடுதியின் இணையப் பக்கத்தில், 'செயலில் எங்கள் சமூகப் பொறுப்பு' என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. என் குலுக்கல் கதை அதற்கு அடுத்த பத்தி.

சமூக சேவை செய்வதாகச் சொல்லும் விடுதியில் அறை எடுக்குமுன், அந்தச் சேவையைப் பெறுகிறவர் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். பஸ்ஸில் என் பக்கத்திலேயே தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்கவில்லை.

விடுதி உரிமையாளருக்கு: சனி, ஞாயிறுகளில் அந்த ஜீப்பின் சாவி யாரிடம் இருக்கும்? அதைக் குடியிருப்புக்காரர்களிடமே ஒப்படைப்பீர்களா, எந்தத் தேதியில்? நீங்கள் இருமுறை தொலைபேசியில் அழைத்தீர்கள், நான் எடுக்கவில்லை. பதிலை எழுத்தில், கையெழுத்திட்டு அனுப்புங்கள்.