மாமாவின் சைக்கிள் கரண்ட்

பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்கியவள் இல்லை நான். ஆனாலும் கரண்ட் எப்படி உண்டாகிறது என்று என்னைக் கேளுங்கள். நானே என் கையால் உண்டாக்கியிருக்கிறேன்.

கச்சிராயபாளையம் பக்கம் எங்கள் ஊர். தெருவில் கம்பம் நட்டிருந்தார்கள். வீடுகளுக்குக் கரண்ட் வரவில்லை. அக்காவைக் கேட்டு வந்த இடம் தியாகதுருகம். மாப்பிள்ளையின் அம்மா, கரண்ட் இல்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்றுவிட்டாராம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வாய் சும்மா இருக்குமா? "எங்க அக்கா வூட்டுக்கு கரண்ட் வந்துடுச்சிங்களே!" என்று அளந்துவிட்டு வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்காவுக்கு ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது.

மாமாவிடம் ஒரு சைக்கிள். பொங்கலுக்கு மாட்டைக்கூட யாரும் அப்படித் தேய்த்துக் குளிப்பாட்ட மாட்டார்கள். அதை வீட்டுக்குப் பின்னால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். பின்சக்கரத்தில் உரசும் டைனமோவிலிருந்து ஒயரை இழுத்து, சுவர் ஓட்டை வழியாகக் கூடத்துக்குள் விட்டு, நுனியில் குட்டி பல்பை மாட்டினார்.

"பெடல கையால சுத்து, குட்டி."

சுற்றினேன். உள்ளே வெளிச்சம்! பதறிக் கையை எடுத்தேன். அணைந்துவிட்டது.

"எண்ணெய் ஊத்தல, தீக்குச்சி கிழிக்கல, எப்டி மாமா?"

"நீ தின்ன களி கைக்கு வலுவாச்சி. கை சக்கரத்த சுத்துது, சக்கரம் டைனமோவ சுத்துது, அதுலேர்ந்து கரண்ட் வருது. பல்பு அத வெளிச்சமா கக்குது. அவ்ளோதான்."

களி எரிகிறதா! எனக்கு மயக்கமே வந்துவிட்டது. அன்று கூடுதலாக ஓர் உருண்டை தின்றேன்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், பஸ் தாமதமாகி, பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தார்கள். நான் பின்னால் சுற்றிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

"இன்னாங்க இது, மின்மினியாட்டம் எரியுது?" இது மாப்பிள்ளையின் அம்மா.

"வோல்டேஜ் கம்மிங்க" என்றார் மாமா.

"கொய்ங்னு இன்னா சத்தம்?"

"மீட்டர் ஓடிக்கினு இருக்குதுங்க."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்போதுதான் பஜ்ஜி தின்ற கையைக் கழுவ மாப்பிள்ளை பின்பக்கம் வந்தார். சைக்கிளைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கை அப்படியே விறைத்துப்போனது. வீடு இருண்டது.

"கட்டாயிடுச்சிங்க, இதோ வந்துடும்" என்று உள்ளே மாமா சமாளித்தார். அக்கா கல்யாணம் என் கையால் நின்றுபோயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது.

"தள்ளிக்க பாப்பா" என்றார் மாப்பிள்ளை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பெடலைச் சுற்றினார் பாருங்கள், நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"அட, வோல்டேஜ் ஜாஸ்தியாயிடுச்சே!" என்றார் உள்ளே அவருடைய அம்மா.

கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் அக்கா மட்டும் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் போய்ட்டாங்க, போதும் நிறுத்துங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குக் காதில் விழவே இல்லை. சுவர் ஓட்டையில் வைத்த கண்ணை எடுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தார். எதற்குச் சுற்றுகிறோம் என்றே மறந்துபோகிற ஆளாக இருக்கிறாரே, இவரிடம் அக்கா எப்படிக் குப்பை கொட்டப்போகிறாளோ என்று எனக்கு ஒரே கவலை.