அக்கா காத்த ஆஸ்பத்திரிச் சீட்டு

இந்த நினைவு மலரைப் பெறும் நீங்கள் எல்லோரும் அக்காவின் கையால் ஒருவேளையாவது சாமைச்சோறு உண்டவர்கள். அவருடைய குணத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் அறியாத ஒன்றை மட்டும் தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. பள்ளிக்கூடம் போனதில்லை. மாமாவைக் கைப்பிடித்து அதே மலையில் சாமையும் புளியுமாகப் பாடுபட்டார். இரண்டாம் பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு வேலூரில் சேர்த்தபோது, பெனிசிலின் ஊசி போட்டதும் முகம் வீங்கி மூச்சடைத்துப் போனார். ஒரு பெண் டாக்டர் ஓடிவந்து காப்பாற்றினார். அந்த மருந்து இவருக்கு ஆகாது என்று சீட்டில் சிவப்பு மையால் எழுதி, “எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை முதல்ல காட்டணும்மா” என்றார்.

அக்கா என்னைப் படிக்கச் சொல்லி மருந்தின் பெயரை மனப்பாடம் செய்தார். உர மூட்டையின் பிளாஸ்டிக் உறையை வெட்டிப் பையாகத் தைத்து, எல்லாச் சீட்டுகளையும் அதில் வைத்தார். சந்தைக்கும் அது கூடவே போகும். நாங்கள் கேலி செய்வோம்.

சில ஆண்டுகள் கழித்து, காலில் அரிவாள் வெட்டுப்பட்டுச் சீழ் வைத்து, காய்ச்சலில் பிதற்றினார். கம்பில் போர்வையால் டோலி கட்டி அடிவாரத்துக்குத் தூக்கிப் போனோம். பாதி வழியில் கண் திறந்து, “பையி எடுத்துக்கினியாடா?” என்று கேட்டார். மறந்திருந்தேன். திரும்ப ஏற மனமில்லாமல், “எடுத்துக்கினேன்க்கா” என்று பொய் சொன்னேன்.

சுகாதார நிலையத்தில் கம்பவுண்டர் ஊசியோடு வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா மருந்துங்க இது?”

“காய்ச்சலுக்குத்தாம்மா. கையை விடு.”

“பேரு சொல்லுங்க. பெனிசிலின்னா எனக்கு ஆவாதுங்க. என் தம்பிகிட்ட சீட்டு கீது.”

அங்கிருந்த டாக்டர் சீட்டைக் கேட்டு என்னிடம் கை நீட்டினார். “வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேங்க. ஆனா அக்கா சொல்றது நெசம். நானே படிச்சிருக்கேன்” என்றேன்.

டாக்டர் அந்த ஊசியை ஒதுக்கிவிட்டு வேறு மருந்து கொடுத்தார். பத்து நாளில் அக்கா நடந்தே மலையேறினார். என் பொய்யை மாமாவிடம்கூட அவர் சொன்னதில்லை. இன்று நானே சொல்கிறேன்.

அதன்பின் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் தங்கள் சீட்டுகளைப் பத்திரப்படுத்தத் தொடங்கினர். அவர்களுக்குப் பை தைத்துக் கொடுத்தவர் அக்காதான்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதடைந்து, ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்திருந்து அமைதியாக அடங்கினார். சிகிச்சையளித்த டாக்டர்களுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசியாக அவரை மலைக்குத் தூக்கி வந்த உங்கள் எட்டுப் பேருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வழி நெடுகத் தோள் மாற்றினீர்களே தவிர, அக்காவை ஒருமுறையும் கீழே இறக்கவில்லை.