மிதிக்காமல் ஓடிய வண்டி

யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய என் சைக்கிளுக்கு நேற்றுதான் பிரீவீல் போட்டேன். இத்தனை வருடமும் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் பெடலைப் பின்னுக்கு அழுத்த வேண்டும்.

புதுச் சங்கிலியை மாட்டிக்கொண்டே மெக்கானிக் பாய் சொன்னார்: "இனிமே காலால நிறுத்த முடியாது. கையில பிரேக் கீது, மறந்துடாத."

இன்று காலை திருவொற்றியூரிலிருந்து கிளம்பினேன். வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மிதிப்பதை நிறுத்திப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை.

சன்னமாக டிக் டிக் என்றொரு சத்தம். இடப்பக்கம் கடல். நான் சும்மா உட்கார்ந்திருக்க, கடல்தான் என்னைத் தாண்டிப் போவதுபோல் இருந்தது.

ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் கிடங்கு வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். பழக்கத்தில் பெடலைப் பின்னுக்கு அழுத்தினேன். அது வெறுமனே சுற்றியது. அவருக்கு வணக்கம் சொல்லியபடியே தாண்டிப் போனேன்.

மணலில் காயப்போட்டிருந்த வலையில் சிக்கித்தான் நின்றேன். பக்கத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, வண்டி ஓடிக்கினு கீது, நீ தூங்கிக்கினு வர்ற?"

சக்கரத்தை வலையிலிருந்து விடுவித்து, வண்டியைக் கிடங்குக்குத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனேன்.

சரக்குச் சீட்டு எழுத உட்கார்ந்த பிறகும், மேஜைக்கடியில் என் கால்கள் சாயங்காலம்வரை சுற்றிக்கொண்டே இருந்தன.

காலைச் சும்மா வைத்திருக்கத் தெரிந்தவர்கள், படிப்பகப் பலகையில் ஒட்டியிருக்கும் இந்தத் தாளின் அடியில் வழி எழுதிவிட்டுப் போங்கள். அதுவரை வாசலில் நிற்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கியே நில்லுங்கள்.