பாக்கியலெட்சுமிக்கு வந்த நோய்

பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பல வருசமாக வேலை பார்த்தவள் பாக்கியலெட்சுமி. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுச் செல்லும் குழந்தைகளை வேலை முடியும்வரை அவள்தான் பார்த்துக்கொள்வாள். வாயாடி. ஒரு பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இன்னொன்றுக்குச் சோறு ஊட்டும்போதும் யாரையாவது கேலி பேசிக்கொண்டுதான் இருப்பாள்.

ஐம்பது வயதைத் தாண்டியதும் அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும்; ஆனால் எழுந்திருக்க முடியாது. உடம்பு முழுக்க ஈரச்சாக்கைப் போர்த்தியது போல ஒரு கனம். சோறு ருசிக்கவில்லை. குழந்தைகளின் அழுகை எங்கோ அடுத்த மலையிலிருந்து கேட்பதுபோல இருந்தது.

அவள் புருசன் கணபதி தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரெண்டு புள்ளைகளும் கல்யாணங்கட்டி நல்லாத்தான் இருக்குதுக. நான் குடிக்கிறதில்ல. ஒனக்கு என்னா கொறைன்னு சொல்லேன்."

அவளும் தேடிப் பார்த்தாள். சொல்லும்படியாக ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய வெட்கமாகிவிட்டது. நாலு பேருக்குச் சொல்ல ஒரு துக்கமாவது இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

ஒரு நாள் அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கையில், ஜெயந்தினி என்பவளின் மகள் தவழ்ந்து வெளியே போய்விட்டாள். மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் யாரோ பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஜெயந்தினி திட்டவில்லை; பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். அன்றோடு பாக்கியலெட்சுமிக்கு வேலை போயிற்று.

செய்வினை என்றார்கள், தோட்டத்துச் சனம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிறகு நெஞ்சு அடைக்கிறது என்று அவள் சொல்லவும், கணபதி அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இருதயத்திலும் இரத்தத்திலும் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆனால் கீர்த்திகன் என்ற டொக்டர் அவளை உடனே அனுப்பிவிடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். கணபதியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தூக்கம், சாப்பாடு, வேலை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, வாழ்ந்தது போதும் எண்டு நினைச்சிருக்கிறீங்களோ?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவள் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"தெனமும் நெனைக்கிறேங்க."

"அதுக்கு ஏதும் செய்யப் பாத்தனீங்களோ?"

"இல்லீங்க. அதுக்கும் தெம்பு வேணும்ல."

அவர் கணபதியை உள்ளே கூப்பிட்டார். "இது மனச்சோர்வு நோய். சோம்பல் இல்லை, செய்வினையும் இல்லை. இதுக்கு ஒரு பெரிய காரணம் இருக்கத்தான் வேணும் எண்டுமில்லை. இவவைத் தனிய விடாதேங்கோ. ஆபத்தான சாமான் ஒண்டும் வீட்டிலை வையாதேங்கோ."

முதலில் மாத்திரைதான் கொடுத்தார். அது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரத்தத்தில் சோடியம் இறங்கி, ஆள் யாரென்று தெரியாமல் பிதற்றத் தொடங்கியவளை வார்டில் சேர்க்கவேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்த மாத்திரையும் அதையே செய்தது. டொக்டர் மருந்தை நிறுத்தினார். பேசியும் பழக்கியும் குணப்படுத்தும் வழி ஒன்று உண்டு, ஆனால் நாளாகும் என்று சொல்லி, அதே ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இருந்த ஞானேஸ்வரி என்ற ஆலோசகரிடம் அனுப்பினார்.

வாராவாரம் பஸ் ஏறி இறங்கினாள். முதல் சில வாரங்கள் அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஞானேஸ்வரியும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை என்று இருவருமாகத் தீர்மானித்தார்கள். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருவது.

"மனசு வரலீங்களே மிஸ்."

"மனம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிராதேங்கோ. முதல்ல செய்யுங்கோ. மனம் பிந்தித்தான் வரும்."

அதுவரை தண்ணீர் தூக்கியவர் கணபதி. அவள் செய்யவேண்டியதை அவர் செய்யக்கூடாது என்று ஞானேஸ்வரி சொன்னது அவருக்குச் சுருக்கென்றது. அரை வாளியோடு அவள் தள்ளாடி வருவதையும், லயத்துப் பெண்கள் வேடிக்கை பார்ப்பதையும் வாசலில் கைகட்டி நின்று பார்த்தார். அவள் உள்ளே போனதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மாதங்கள் போயின. சமையல் வந்தது; ஒன்றிரண்டு வார்த்தை பேச்சும் வந்தது. தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் எழும்போதெல்லாம், அதை அப்படியே நம்பிவிடாமல் நின்று பார்க்கவும் ஞானேஸ்வரி பழக்கினாள். தேறிவிட்டாள் என்று கணபதி நினைத்த சமயத்தில் அடைமழை பிடித்தது. மண்சரிந்து ரோடு மூடி, பஸ் நின்றது. கிளினிக் போக வழியில்லை. பாக்கியலெட்சுமி மறுபடி படுக்கையில் விழுந்தாள். வாளி கவிழ்ந்தபடியே கிடந்தது.

அப்படியொரு காலையில் கணபதி வேலைக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் போர்வைக்குள்ளிருந்தே கூப்பிட்டாள்.

"இந்தாங்க. இன்னைக்கு என்னய தனியா விட்டுட்டுப் போகாதீங்க."

"ஏன், என்னா செய்யுது?"

"நெனப்பு சரியில்ல. எனக்கே பயமா இருக்கு."

அவர் ஏனென்று மேற்கொண்டு கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்தார். ஞானேஸ்வரிக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தார். அவள் பேசியதைவிட அழுததுதான் அதிகம். வெகுநாளாக அவளுக்கு அழக்கூட வந்ததில்லை. ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் இருவருமாகப் போனார்கள்.

அதற்குப் பிறகும் அவள் பழைய பாக்கியலெட்சுமி ஆகவில்லை. போன வேலையும் திரும்பவில்லை. இப்போது மலையில் கொழுந்து பறிக்கப் போகிறாள். சில காலைகளில் எழுந்திருப்பது இன்றும் பெரும் பாடாகத்தான் இருக்கிறது. இது திரும்பவும் வரலாம் என்று டொக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வந்தால் முதல் நாளே வாயைத் திறந்து சொல்வதாக அவள் கணபதிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். அவள் போகச் சொல்லித் தலையாட்டிய பிறகுதான் படியிறங்குவார்.