தைலம்மாள் தட்டின வறட்டி

நைனார்பாளையத்தில் யாரு செத்தாலும் முதலில் ஆள் போவது தைலம்மாள் வூட்டுக்குத்தான். பாடை கட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்வார்கள். மற்ற நாளில் வறட்டியைக் காசுக்கு விற்கிறவள், பொணத்துக்கென்று கேட்டால் ஒத்தைக் காசு வாங்கமாட்டாள். "போறவங்ககிட்ட இன்னா யாவாரம்" என்று சொல்லிவிட்டு அவளே கூடையில் அடுக்கிக் கொடுப்பாள்.

நாராயணசாமி வூட்டு மாட்டுக்கொட்டாயில் சாணி அள்ளுவது அவள் வேலை. பதினோரு உருப்படி. கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது. காலையில் ஒரு சொம்பு கூழ், அள்ளுகிற சாணியில் பாதி. மாமியார் காலத்திலிருந்து அதுதான் பேச்சு. அந்தப் பாதியில்தான் அவள் அடுப்பு எரிந்தது, அவள் புருசன் அம்மாசிக்கு இருமல் மருந்தும் வந்தது.

அம்மாசிக்கு நெஞ்சு காய்ந்து வருசம் ரெண்டாச்சு. தன் முடிவு அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஒரே ஒரு சொல்தான் சொல்லி வைத்திருந்தான். "ஏ தைலா, என்னைப் பொதைக்காத. எங்க அண்ணனை ஏரிக்கரையில பொதைச்சோம், சூளைக்கு மண்ணெடுக்கிறவன் வாரிக்கினு போய்ட்டான். எங்க அண்ணன் இப்ப எவன் வூட்டுச் செவுத்துல இருக்கிறானோ. என்னை எரிச்சிடு."

"நீ மொதல்ல கஞ்சியக் குடிய்யா" என்றாள் அவள். ஆனால் அன்றிலிருந்து நாளைக்கு அஞ்சு வறட்டி தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்களே, அதற்கு மூணாம் வருசம் அது. எண்ணெய் எடுக்கிற தேசத்தில் எங்கேயோ சண்டை என்றார்கள். இங்கே ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் பீப்பாய் வற்றிப்போனது. டீசல் ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது. ஒரு நாள் ஒதுக்கீட்டுக்கு மறியல், மறு நாள் விலையேற்றத்துக்கு மறியல். ரெண்டுக்கும் அதே ரோடு, அதே மைக்செட்டு. தைலம்மாளும் காலி டின்னைத் தூக்கிக்கொண்டு போய் ரெண்டிலும் உட்கார்ந்தாள். ஒதுக்கீடு என்றால் என்னவென்று முழுசாகத் தெரியாது, மண்ணெண்ணெய் தெரியும்.

மறியலில் பேச வந்த தலைவர் ஒருவர், "வெளிநாட்டானிடம் எண்ணெய்க்குக் கையேந்துவானேன்? நம்ம மாடு போடும் சாணமே நமக்கு காஸ்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும்தான் தட்டினாள்.

அடுத்த மாதமே நாராயணசாமி வூட்டுக் கொல்லையில் சாண எரிவாயுக் குழி வெட்டினார்கள். மானியம் கொடுத்தார்கள். மண் சுமந்தவளே தைலம்மாள்தான். தலைவர் வந்து திறந்து வைத்தார். போட்டோவுக்கு முதல் குடம் சாணியை அவளையே ஊற்றச் சொன்னார்கள்.

"இனிமே எல்லாச் சாணியும் இதுல போவணும்" என்றார் வந்திருந்த ஆபீசர்.

"எல்லாம்னா என் பாதி, சார்?"

"சாணம் எங்கேயும் போவாதும்மா. காஸை மட்டும்தான் எடுக்கிறோம். சாணம் அந்தப் பக்கம் அப்படியே வந்துடும்."

நாராயணசாமி பொண்சாதி ஆயம்மாளும், "உன் பங்குக்குக் கொறை வெக்கமாட்டேன் தைலா. அந்தப் பக்கம் வர்றதுல பாதிய எடுத்துக்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். தைலம்மாளும் தலையாட்டினாள். சாணி திரும்பி வந்தால் சரிதானே.

அந்தப் பக்கம் வந்தது கூழ் மாதிரி இருந்தது. வைக்கோல் தூள் போட்டுப் பிசைந்து தட்டினாள். பார்வைக்கு வறட்டிதான். ஒன்றை அடுப்பில் வைத்தாள், புகைந்தது, எரியவில்லை. ஐப்பசி மழை, காயவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். காலமெல்லாம் சாணியோடு கிடந்தவள், சாணியைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பாள்? அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கினாள். தனியாக எடுத்து வைத்திருந்த பழைய வறட்டியும் மருந்துக்கு விற்றுப்போனது. காய்ந்தால் எரியும் என்று புதுசை மட்டும் அம்மாசிக்கென்று அடுக்கிக்கொண்டே போனாள். நானூறு சேர்ந்தது.

கார்த்திகையில் ஒரு காலை அம்மாசி போய்ச் சேர்ந்தான். அந்த நானூறு வறட்டியோடு எடுத்துக்கொண்டு போனார்கள். பொம்பளைகள் ஏரி மதகோடு நின்றுவிட்டு வூட்டுக்குத் திரும்பினார்கள். சுடுகாட்டுப் பக்கம் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்தது. வெகு நேரமாகியும் மேலே எழும்பவில்லை.

அம்மாசியின் அக்கா மகன் இருசப்பன் சேறும் கரியுமாகத் திரும்பி வந்தான்.

"அத்தை, வறட்டி நெருப்புப் புடிக்க மாட்டேங்குது. உதுந்து உதுந்து போவுது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் கெடைச்சாக்கூட..."

"கடையில பாத்தியா?"

"ஸ்டாக் இல்லன்னு போர்டு மாட்டிக்கினு போய்ட்டாங்க."

ஆயம்மாள் கூட்டத்தில்தான் இருந்தாள். "எங்க வூட்ல வெறவு வாங்குறத நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சுடி" என்றாள். தெருவில் வேறு யாரிடம் வறட்டி இருக்கும்? தெருவுக்கே வறட்டி தட்டினவள் வாசலில்தானே எல்லாரும் நிற்கிறார்கள்.

"பொதைச்சிடலாமா அத்தை?" இருசப்பன் மெதுவாகத்தான் கேட்டான்.

தைலம்மாள் எழுந்து வூட்டுக்குள்ளே போனாள். கூரை கரும்புச் சோகை போட்டது. போன தையில்தான் புதுசாக வேய்ந்தது. வெளியே நனைந்திருந்தாலும் உள்பக்கம் அடுப்புப் புகை பட்டுப் பட்டு முறுமுறுவென்று காய்ந்து கிடந்தது. கையை விட்டு ஒரு பிடி உருவினாள்.

"இதைப் பிரிச்சு எடுத்துக்கினு போ. வாரை மூங்கிலையும் உருவிக்க."

"மழைக் காலம் அத்தை. நீ எங்க படுப்ப?"

"நான் எங்கனா படுக்கிறேன். அந்தாளைப் பாதியில உட்டுட்டு நிக்கறியே, போடா."

நாலு பேர் ஏறிப் பிரித்தார்கள். அவளும் கீழே நின்று கட்டுக் கட்டினாள், அழுதுகொண்டேதான் கட்டினாள். பொழுது சாயும் முன்னே புகை கறுத்து மேலே எழும்பியது. அன்று ராத்திரி தூறல் போட்டது. ஆயம்மாள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. சுவரோரம் ஒரு தார்ப்பாயைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் கொட்டாய்க்கு வேலைக்கு வந்தாள். எரிகிற சத்தைக் குழி உறிஞ்சும் முன்னே, சூடு ஆறாத சாணியில் பாதியைத் தன் கூடையில் வாரினாள். யாரையும் கேட்கவில்லை.

"காஸ் கம்மியாப் போவும் தைலா" என்றாள் ஆயம்மாள்.

"போவட்டும்மா" என்று சொல்லிக்கொண்டே, மீதியையும் நிதானமாகக் குழியில் கரைத்து ஊற்றிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.