மூன்றாம் மாடிக்கு ஒரு ஸ்ட்ரெச்சர்

அணுமின் நிலையக் குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "சைரன் சார் வீடு எது?" என்று கேளுங்கள், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்குகிற அவசரகால ஒத்திகை இருக்கிறதே, அதற்குத் திட்டம் போடுகிறவர் அவர்தான். உலையில் ஏதாவது ஆகிவிட்டால் எந்தத் தெருவுக்கு எந்த பஸ், யார் கையில் அயோடின் மாத்திரை, எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் தங்குவது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவார். நடக்காத விபத்துக்கு ஆதியும் அந்தமும் எழுதுகிற உத்தியோகம். ஒத்திகையன்று கதிர்வீச்சைக் காற்று எந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதைக்கூட அவர்தான் தீர்மானிக்க வேண்டும். "கடவுளுக்கு அடுத்தபடியா காத்துக்கு உத்தரவு போடுறது நம்ம சைரன் சார்தாம்ப்பா" என்று கேன்டீன்காரர் கிண்டலடிப்பார்.

ஒத்திகை நாள் பரம ரகசியம் என்று பெயர். அட, என்ன பெரிய ரகசியம்! வெளியிலிருந்து வரும் பார்வையாளர்களுக்கு இத்தனை சாப்பாட்டுப் பொட்டலம் என்று கேன்டீனுக்குச் சொன்ன மறுநிமிடமே பஸ் டிரைவர்கள் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்துவிடுவார்கள். சைரன் ஊதுவதற்கு முன்பே பாதி ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு படியில் நிற்கும். சைரன் சார் வீட்டுக் கதவு மட்டும்தான் எந்த நாளும் பூட்டுவதில்லை. திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் கேட்டு அக்கம்பக்கத்தார் அலுத்துப்போனார்கள்.

பூட்டாததற்குக் காரணம் அவருடைய மனைவி. பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்கச் செயலற்றுப் போயிருந்தது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "அதையும் சேத்து எடுத்திருந்தா நீங்க நிம்மதியா இருந்திருப்பீங்க" என்பாள். வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்து வீடு கேட்டு எழுதிப் போட்டது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பகலில் அடுத்த வீட்டுத் தையல்காரம்மா இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்துத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். மாதத்துக்கு ஒரு முறை சைரன் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். அப்போதெல்லாம், "ஏங்க, உங்க பிள்ளை அழுறான் பாருங்க" என்று படுக்கையிலிருந்து குரல் வரும். பிள்ளை இல்லாத வீடு அது. அந்தக் கேலியைச் செய்கிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு நாள் அவள் கேட்டாள்.

"ஏங்க, நிஜமாவே ஒரு நாள் ஊதிச்சுன்னா என்னைத் தூக்கிட்டுப் போக நீங்க வருவீங்கல்ல?"

நிஜமாக ஊதினால் அவர் இருக்க வேண்டிய இடம் நிலையத்துக்குள், கட்டுப்பாட்டு அறையில். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் எல்லாம் முடிகிற வரை வெளியே வர முடியாது. அவர் அதை மறைக்கவில்லை. "நான் வர முடியாதும்மா. ஆனா உனக்குன்னு தனியா ஒரு வண்டி வரும். ரெண்டு பேர் ஸ்ட்ரெச்சரத் தூக்கிட்டு மேல வருவாங்க. எல்லாம் திட்டத்துல இருக்கு."

"கதவு பூட்டியிருந்தா?"

"உடைச்சிட்டு வருவாங்க."

"நல்ல கதவ எதுக்கு உடைக்கணும்? நீங்க பூட்டாமப் போங்க."

அன்றிலிருந்து அந்தக் கதவு வெறுமனே சாத்தித்தான் கிடக்கும். யாரோ வருவார்கள் என்ற நினைப்பில் அவள் பகலில் நன்றாகத் தூங்கினாள். தூங்காதவர் அவர்தான்.

ஏனென்றால் அந்த வண்டியின் லட்சணம் அவருக்குத்தான் தெரியும். ஏட்டுச் சுரைக்காய். நிலையத்துக்கு இருந்தது ஒரே ஆம்புலன்ஸ், அதுவும் உள்ளே அடிபடுகிற தொழிலாளிகளுக்கு. ஒத்திகையில் படுக்கை நோயாளியாக நடிப்பது கணக்குப் பிரிவு குமாஸ்தா ஒருவர். வருஷா வருஷம் அவரேதான். கழுத்தில் 'படுக்கை நோயாளி' என்று அட்டை மாட்டிக்கொண்டு, கைக்குட்டையால் விசிறியபடி மூன்று மாடியும் அவரே நடந்து இறங்கி வந்து ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொள்வார். ஒரு வருஷம் ஆம்புலன்ஸ் வரத் தாமதமானபோது, வெயில் தாங்காமல் பேருந்து நிழலில் போய் உட்கார்ந்து டிரைவரோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். அப்படியும் 'நோயாளி பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டார்' என்றுதான் எழுதினார்கள். நேரமில்லை, ஆள் இல்லை, வண்டி இல்லை என்றால் அந்தக் கட்டத்தை "ஆனதா வச்சுக்குவோம்" என்று தாண்டிவிடுவது ஒத்திகையில் வழக்கம். அதில் தவறில்லை, எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் இவர் கண் முன்னாலேயே, நடக்க முடியாதவர்கள் அத்தனை பேரும் வருஷக்கணக்காக ஆனதாக வைத்துக்கொள்ளப்பட்டார்கள். எத்தனையோ கூட்டத்தில் எழுந்து சொல்லிப் பார்த்தார். "எல்லாம் பாத்துக்கலாம், உக்காருங்க" என்பார் தலைமை அதிகாரி.

அந்த வருஷம் அவருக்குப் பொறுக்கவில்லை. வழக்கமாகக் காற்றை யாருமில்லாத வெட்டவெளிப் பக்கம் அடிக்க வைப்பார். மேலிடத்துக்கும் அதுதான் பிடிக்கும். இந்தத் தடவை காற்றைக் குடியிருப்புப் பக்கம், தன் வீட்டுக்கு நேரே திருப்பினார். படுக்கை நோயாளிக்குக் குமாஸ்தா வேண்டாம், நிஜமான நோயாளியை வைப்போம், என் வீட்டிலேயே இருக்கிறாள் என்றார். கல்லில் நார் உரிப்பதுபோல இழுத்து இழுத்துப் பேசினார். வெளியிலிருந்து பெரிய பார்வையாளர்கள் வருகிறார்கள், படம் நன்றாக வரும் என்று கடைசியில் தலைமை அதிகாரி தலையாட்டினார்.

அவருடைய கணக்கு இதுதான். ஒத்திகை தோற்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் வராது, வந்தாலும் இறங்காது. வெளியாள் கண்ணால் பார்த்து அதை எழுத வேண்டும். அவர் எழுதினால் மேலிடம் வண்டி வாங்கித்தான் தீர வேண்டும். அப்போதுதான் அவளிடம் சொன்ன பொய் பொய்யில்லாமல் ஆகும்.

இந்தக் கணக்கை அவளிடம் சொல்லவில்லை. உன்னைக் கீழே இறக்கிக் கூட்டிப் போகப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அந்தப் படியையே பார்த்ததில்லை. ஒத்திகை அன்று காலையில் தையல்காரம்மாவைக் கூப்பிட்டுத் தலை வாரிக்கொண்டாள், நல்ல துணி உடுத்திக்கொண்டாள், பவுடர் போடச் சொன்னாள்.

"நோயாளிக்கு எதுக்கு இத்தனை அலங்காரம்?" என்று தையல்காரம்மா சிரித்தாள்.

"போட்டோ எடுப்பாங்களாம்ல? அந்தக் குமாஸ்தாவ விட நல்லா இருக்க வேணாமா?"

சைரன் ஊதியது. "இது ஒத்திகை, ஒத்திகை மட்டுமே" என்று ஒலிபெருக்கி கத்தியது. தையல்காரம்மாவும் மற்றவர்களும் திட்டப்படி முதல் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். சைரன் சார் கையில் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு, வெளிப் பார்வையாளர் ஒருவரோடு தன் வீட்டுப் படியிலேயே நின்றார். பச்சைப் பட்டைக்காரர்கள் நடுவர்கள். அவர்கள் வாய் திறக்கக் கூடாது, கை கொடுக்கக் கூடாது. தவறு நடந்தால் நடக்கட்டும், பார்க்க மட்டும் வேண்டும். கை கொடுத்துவிட்டால் பிறகு எது தானாக நடந்தது, எது நடக்கவில்லை என்று தெரியாது. அந்த விதியை எழுதியவரும் அவரேதான்.

வண்டி வந்தது. வெகுநேரம் கழித்துத்தான், ஆனாலும் வந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு மேலே ஏறி, திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் உற்சாகமாக, "வாங்க தம்பி, வாங்க. பாத்துத் தூக்குங்க, கொஞ்சம் கனமா இருப்பேன்" என்றது வெளியே கேட்டது. முதல் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துச் சமாளித்தார்கள். அடுத்த திருப்பத்தில் அது சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. நடந்து வருகிற நோயாளியை மட்டுமே தூக்கிப் பழகியவர்கள், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். தலைமாடு மேல்படியிலும் கால்மாடு திருப்பத்துத் தரையிலுமாகச் சரிவாக அவளை இறக்கி வைத்தார்கள். "ஒரு நாற்காலி கொண்டாந்து அதுல வச்சு எறக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் கீழே போனார்கள்.

போனவர்கள் வரவில்லை.

அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தாள். ஸ்ட்ரெச்சரோடு அவளைக் கட்டியிருந்த வார் மார்புக்கு ஏறி அழுத்தியது. உணர்வில்லாத இடது கை நழுவிக் கைப்பிடிக் கம்பிகளுக்கு வெளியே போய்த் தொங்கியது.

"ஏங்க, அந்தக் கைய எடுத்து மேல வைங்களேன்."

எட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார். பக்கத்தில் பார்வையாளர் பேனாவோடு நின்றார். தொட்டால் எல்லாம் கெட்டுவிடும், இன்னும் கொஞ்ச நேரம், பார்வையாளர் எழுதி முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஏங்க, உங்களைத்தான். கேக்குதா?"

அவர் சுவரைப் பார்த்தார். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் ஸ்ட்ரெச்சர் துணி நனைந்து, ஈரம் படியில் இறங்கியது. பார்வையாளர் நாசூக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது ஒலிபெருக்கி அலறியது. காற்று திசை மாறிவிட்டதாம், ஒத்திகை நிறைவடைந்ததாம். காற்றை அந்த நேரத்துக்கு மாறச் சொல்லி எழுதியவர் யார்? இவரேதான்.

"ரொம்ப நல்ல ஏற்பாடு சார்" என்று பார்வையாளர் கை கொடுத்தார். "சாப்பாடு எந்தக் கட்டடத்துல?" கீழேயிருந்து டிரைவர் குரல் கொடுத்தான். "சார், முடிஞ்சிருச்சாமே! அம்மாவ அப்படியே மேல கொண்டு போயிருங்க, நான் வண்டிய உள்ள விடணும்!" வண்டி போகிற சத்தமும் கேட்டது.

கையில் கட்டியிருந்த பச்சைப் பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு அவர் முதலில் அந்தக் கையை எடுத்து அவள் மடியில் வைத்தார். கம்பி பட்டுச் சிவந்திருந்தது. ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளைச் சரியாமல் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ்கள் திரும்பி வந்து ஜனங்களை இறக்கின. மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லோரும் அந்தப் படி வழியாகத்தான் ஏற வேண்டும். ஏறினார்கள். பார்த்தும் பார்க்காததுபோல, துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளை ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு போனார்கள். பவுடர் கரைந்த முகத்தோடு அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா வந்து, "அடப் பாவிகளா!" என்று கத்தி நாலு பேரைப் பிடித்து நிறுத்தியபிறகுதான் அவள் வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் கூட்டத்தில், பார்வையாளர் குறிப்பை வைத்து எழுதிய அறிக்கையைத் தலைமை அதிகாரி படித்தார். "படுக்கை நோயாளி வீட்டிலிருந்து வெற்றிகரமாக வெளியே கொண்டுவரப்பட்டார். மீதி, ஆனதாகக் கொள்ளப்பட்டது."

சைரன் சார் எழுந்தார். "மீதி ஆகல சார். பாதிப் படியில வச்சிட்டுப் போயிட்டாங்க."

"அட, உக்காருங்க சார். உங்க வீட்டம்மாதானே? நிஜமா நடந்தா பட்டையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டா நிப்பீங்க? ஒரே தூக்கா தூக்கிட மாட்டீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நிஜமா நடந்தா நான் கட்டுப்பாட்டு அறையில இருப்பேன் சார். உங்க பக்கத்துல."

சிரிப்பு நின்றது. "சரி, அக்கம்பக்கத்துல ஆள் இருக்காங்கல்ல?"

"அவங்களை முதல் பஸ்லயே ஏத்திருவோம் சார். அதையும் நான்தான் எழுதினேன்."

தலைமை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். 'அக்கம்பக்கத்தார் உதவியுடன்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அங்கே இருந்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கொடுமை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

"அவ்வளவு நேரம் பக்கத்துலதானே நின்னீங்க?"

"நான் கை வச்சா அவங்க ஒழுங்கா எறக்கினதா ஆயிடும்மா. நீ அங்க கிடந்தது எழுத்துல வரணும்னுதான்..."

"வந்துச்சா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருஷம் சொன்னவர்தானே. வாய் வரவில்லை.

"இல்ல" என்றார்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வண்டி வாங்கித் தருகிறேன் என்று கிளம்பியவர், அவளிடம் இருந்த ஒரே ஒரு நம்பிக்கையையும் தன் கையாலேயே பிடுங்கிக்கொண்டு வந்து நின்றார். அது அவருக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு வழக்கம்போலக் கதவை வெறுமனே சாத்தப் போனார்.

"பூட்டிட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். "சாவி எங்கே இருக்குன்னே தெரியலையேம்மா."

"அலமாரி மேல் தட்டுல, டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. ரெண்டு சாவி. ஒண்ணத் தையல்காரம்மாகிட்டக் குடுங்க. இந்த வீட்டுக்கு வர்றவங்க அவங்க ஒருத்தங்கதான்."

சாவியைத் தேடி எடுத்தார். ஒன்றைத் தையல்காரம்மா வீட்டில் கொடுத்தார். பூட்டு துருப்பிடித்துப்போய்ச் சாவி சுற்ற மறுத்தது. எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் திருகித் திருகி, கடைசியில் பூட்டினார். பூட்டின பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தார். அவள் கூப்பிடவில்லை. படியிறங்கி வேலைக்குப் போனார்.