பூனையம்மாவின் இயற்பியல் டீச்சர்

மேசையை முதலில் வெளியே தள்ளியாக வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான். கூட்டம் எந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்தாலும் பூனையம்மா மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடுவார். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வகுப்பறையில் ஆசிரியர் மேசையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்குவார். அந்தப் பள்ளியின் உதவியாளர் பதறி ஓடிவருவார்.

"விடுங்கம்மா, நான் எடுக்கறேன். நல்லா இருக்கற மேசையை எதுக்கு வெளிய போடறீங்க?"

"இது உள்ள இருந்தா யாராவது ஒருத்தர் பின்னால போய் நின்னுக்குவாங்க. நின்னா பேசுவாங்க. பேசினா நிறுத்த மாட்டாங்க. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

அனுபவப்பட்டவர் சொல்கிற சொல் அது. நகரத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடங்கள் எட்டு. எட்டுக்கும் எட்டுத் தலைமையாசிரியர்கள். மாதம் ஒருமுறை ஒரு பள்ளியில் கூடி, ஆளில்லாத பாடத்துக்கு ஆள் கொடுத்து வாங்கி, முட்டுக்கட்டை விழுந்த இடத்தில் ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பார்கள். யாரும் உத்தரவு போட்டு ஆரம்பித்ததில்லை. எட்டுப் பேரில் ஒருவரான பூனையம்மா மற்றவர்களை வீடு வீடாகப் போய் இழுத்துவந்து ஆரம்பித்தது. ஆனால் எட்டுப் பேரும் அவரவர் கோட்டையில் ராஜா. வாய் திறந்தால் ஊரே அடங்கிப் பழகியவர்கள். எட்டு ராஜாக்களை ஒரே அறையில் போட்டால் பேச ஆளுண்டு, கேட்க ஆளுண்டா? மேசை வெளியே போனதும் வேறு வழியில்லாமல் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் உட்காருவார்கள். முட்டி இடிக்கும். தொப்பை தடுக்கும். அப்படி இடுங்கி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கும் பிள்ளைக் குணம் வந்துவிடும். பின் பெஞ்சுக்காரர் முன் பெஞ்சுக்காரரின் காதில் ஏதோ சொல்ல, முன்னவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவார்.

பூனையம்மா என்று பெயர் வைத்தது பிள்ளைகள்தான். ரப்பர் அடிப்பாகம் போட்ட செருப்பு. நடந்தால் சத்தமே கேட்காது. ஒருநாள் ஒரு வகுப்பில் "டேய், பூனை வருதாம்டா" என்று ஒருவன் கிசுகிசுக்க, "பூனை வந்து ரொம்ப நேரமாச்சு. நீ கணக்கைப் போடு" என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அன்றிலிருந்து ஆசிரியர்களும் அந்தப் பெயரைத் தாராளமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. யானை என்று வைக்காமல் விட்டார்களே என்பார்.

இன்னொரு பழக்கம். வேறு பள்ளிக்குப் போனால் சுவரில் மாட்டிய பரிசுக் கேடயங்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நேராகப் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் பார்ப்பார். தாழ்ப்பாள் விழுந்தால் அந்தத் தலைமையாசிரியர் நல்லவர். விழாவிட்டால், கைப்பைக்குள்ளிருந்து திருப்புளி வெளியே வரும். வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெட்டியிலிருந்து எடுத்த திருப்புளி. அடுத்தவர் பள்ளிக்கூடத்தின் தாழ்ப்பாளை முடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து உட்காருவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சொல்லாமல் விடுவது சொல்வதைவிட உறைக்கும் என்று தெரிந்தவர்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் முதலில் எப்படிச் சந்தி சிரித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆளில்லாத பள்ளிக்கு ஆள் இருக்கிற பள்ளி ஒருவரை அனுப்ப வேண்டும் என்று பேச்சு. எட்டுப் பேரும் பெரிய மனதோடு அனுப்பினார்கள். அனுப்பியது யாரை? எவர் தொலைந்தால் நிம்மதி என்று இருந்தார்களோ, அவரை. வகுப்பில் குறட்டை விடுகிற வாத்தியார், தன் கல்யாணக் கதையை வருஷம் முழுக்க நடத்துகிற வாத்தியார், சுண்ணாம்புக்கட்டியைத் தவிர எல்லாரோடும் சண்டை போடுகிற டீச்சர் என்று ஒரு கூட்டமே நகரத்தை வலம் வந்தது. அடுத்த கூட்டத்தில் ஆளாளுக்குத் தனக்கு வந்து சேர்ந்த ஆளைப் பற்றிப் புலம்பினார்கள். புலம்பப் புலம்ப, அந்த ஆளை அனுப்பியவர் பக்கத்து பெஞ்சிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் விளங்கியது. முதலில் சிரித்தது பூனையம்மா. அவர் அனுப்பிய ஓவிய வாத்தியாரும் அந்த ஊர்வலத்தில் இருந்தார்.

சிரித்து முடித்ததும் அவர் ஒரு சட்டம் போட்டார். "அனுப்பற ஆள் நம்ம வாசலைத் தாண்டும்போது நமக்கு அடிவயிறு பிசையணும். பிசையலையா, அந்த ஆளை அனுப்பாதீங்க. வீட்டுலயே வச்சுக்கோங்க."

அதற்கப்புறம் காரியம் ஒழுங்காக நடந்தது. கணக்கு, வேதியியல், மொழிப்பாடம் என்று நல்ல நல்ல ஆட்கள் இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் போனார்கள். பூனையம்மா பள்ளியில் மட்டும் அந்தச் சட்டத்துக்கு வேலை வரவில்லை. அங்கிருந்து யாரையும் யாரும் கேட்கவில்லை. போன மாதம் கேட்டார்கள்.

கேட்டவர் பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர். எதைச் சொன்னாலும் 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று ஆரம்பிப்பதால் அவருக்குத் தப்பு சார் என்று பெயர். அன்றைக்கு பெஞ்சில் உட்காராமல் எழுந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்க இயற்பியல் வாத்தியார் வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிட்டார். திங்கட்கிழமை மேலிடத்து அதிகாரி வர்றார். வகுப்புல இயற்பியல் நடத்த ஆள் இல்லைன்னா கடைசி வருஷத்து அறிவியல் பிரிவையே மூடிடுவாங்க. பிள்ளைங்க பாதி வருஷம் படிச்சாச்சு. நர்ஸ் ஆகணும்னு ஒண்ணு, இன்ஜினியர் ஆகணும்னு ஒண்ணு. அவங்களை இழுத்துட்டுப் போய் வேற பாடத்துல உக்கார வச்சா எங்க போவாங்க?"

மற்ற பள்ளிகளில் இயற்பியலுக்கு இருக்கிறவர்களே இரண்டு பள்ளிக்கு ஒருவர் என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். முழு ஆள் இருப்பது ஒரே இடத்தில்தான். எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

பூனையம்மாவின் பள்ளியில் இருக்கிற இயற்பியல் டீச்சரை நகரமே அறியும். ஒரு தட்டுத் தண்ணீரும் உடைந்த கண்ணாடித் துண்டும் இருந்தால் போதும், சுவரில் வானவில் ஏற்றிவிடுவார். அவர் வகுப்பு நடக்கும்போது சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அவர் வந்த பிறகுதான் அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகள் இயற்பியல் கேட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்கள். பூனையம்மாவுக்கு அவர் வலது கை. இல்லை, வலது கையும் இடது கையும்.

"எங்ககிட்ட கணக்கு வாத்தியார் ஒருத்தர் இருக்கார்" என்றார் பூனையம்மா, செருப்பைப் பார்த்துக்கொண்டு. "அவருக்கு இயற்பியலும் ஓரளவு வரும்."

"யாரு? போன வருஷம் பரீட்சை மேற்பார்வைக்கு எங்க பள்ளிக்கு வந்து, மணி அடிச்சதும் முழிச்சாரே, அவரா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை எட்டுப் பேரில் இளையவர், எல்லாருக்கும் கடைக்குட்டி. அவர் திரும்பி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்டார். "அவரை அனுப்பினா அடிவயிறு பிசையுதா அக்கா?"

அறை கொல்லென்று சிரித்தது. தப்பு சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பூனையம்மா சட்டென்று எழுந்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மேசையை உள்ளே எடுத்துப் போடக்கூட நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினார். நறுக்கியது சமையலுக்குத்தானா, கோபத்துக்கா என்று வெங்காயத்துக்கே தெரியாது. வீட்டுக்காரர் கதவோரம் நின்று பார்த்தார்.

"எட்டுப் பேர்ல நான்தான் ஏமாளியா? என்கிட்டத்தான் கேக்கணுமா?"

"மத்தவங்க எல்லாரும் குடுத்தாங்களே."

"அவங்க குடுத்ததும் இதுவும் ஒண்ணா? அந்தப் பொண்ணு போனா என் பள்ளிக்கூடம் பாதி காலி."

"அது சரி" என்றார் அவர். "சட்டம் போட்டப்ப உனக்கும் சேத்துத்தான் போட்டேன்னு நினைச்சேன்."

"நீங்க லிப்டையே பாத்திருக்கலாம்."

"லிப்ட் பரவாயில்ல. பட்டனை அழுத்தினா எறங்கி வந்துடும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. முதல் மணி அடித்ததும் ஆய்வகத்துக்குப் போனார் பூனையம்மா. இயற்பியல் டீச்சர் ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"பணிமனைப் பள்ளிதானேம்மா? வாட்ச்மேனுக்குத் தெரியும். கேன்டீன் அக்காவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

"அதான் சொல்ல வந்தேன்."

"சொல்லத்தான் வந்தீங்க. கேக்க வரல." டீச்சர் லென்ஸைக் கீழே வைத்தார். "நாங்க என்ன ஏணியா? இந்த வீட்டுல வேலை முடிஞ்சா அந்த வீட்டுக்குத் தூக்கிக் குடுக்க? எட்டுப் பேரும் உக்காந்து எத்தனை பேரை மாத்தி மாத்தி அனுப்பியிருக்கீங்க. உங்க அடிவயிறு பிசைஞ்சுதான்னு பாத்தீங்க. போற ஆளுக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

வகுப்பில் கைதூக்கிக் கேட்காமல் ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்கப் போனால்கூட நிறுத்திக் கேள்வி கேட்கிற எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் இத்தனை நாளாக இது தோன்றவே இல்லை. குறட்டை வாத்தியாரைக்கூட யாரும் கேட்கவில்லை.

ஒரு முக்காலியை இழுத்து டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சரி. இப்ப கேக்கறேன். எனக்கு நீங்க போகக்கூடாது. மனசறிஞ்சு சொல்றேன். ஆனா அங்க பிள்ளைங்க நடுத்தெருவுல நிக்குது. பரீட்சை முடியற வரைக்கும். போறீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா நான் போய் அவர்கிட்ட சொல்லிக்கறேன்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலில் அதற்குள் இரண்டு தலைகள் முளைத்திருந்தன.

"போறேன். ஆனா ஒண்ணு. அங்க பிடிச்சுப்போனா அங்கயே இருந்துடுவேன். திரும்பி வந்துதான் ஆகணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கக்கூடாது."

பூனையம்மாவுக்கு அது எதிர்பாராத அடி. கடன் கொடுக்கிற நினைப்பில் வந்தவரிடம் தானமாகக் கொடு என்றால்?

"வாங்கல" என்றார் கடைசியில்.

"அப்ப இங்க யார் நடத்துவாங்க?"

"பழைய ஆள் ஒருத்தி இருக்கா. நாற்காலிக்கு வர்றதுக்கு முன்னாடி இயற்பியல்தான் நடத்தினா."

"யாரு, நீங்களாம்மா? பாடமெல்லாம் மாறிப்போச்சே."

"ஏன், வெளிச்சம் இப்ப வளைஞ்சா போகுது?"

டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பாடப்புத்தகத்தை எடுத்து, "முதல் மூணு பாடம் சுலபம். நாலாவதுல மாட்டிக்குவீங்க" என்று கையில் கொடுத்தார். சனி, ஞாயிறு முழுக்கப் பூனையம்மா நாலாவதில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தார். வீட்டுக்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் நடப்பதுபோல அடிமேல் அடி வைத்துப் போனார்.

திங்கட்கிழமை காலை. பள்ளி வாசலுக்கு எதிரில்தான் பேருந்து நிறுத்தம். பணிமனைக்குப் போகிற பேருந்து வந்து நின்றது. டீச்சர் தோளில் பையோடு படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக்கூடாது. மதில் சுவரில் வரிசையாகப் பிள்ளைகள். "டீச்சர், போகாதீங்க டீச்சர்" என்று ஒரு பெண் ஆரம்பிக்க, சுவர் முழுக்க அதையே சொன்னது. டீச்சரின் கண் கலங்கிவிட்டது.

பூனையம்மாவின் கைபேசி அடித்தது. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அதிகாரியோட கார் கிளம்பிடுச்சாம். பிள்ளைங்களை வகுப்புல உக்கார வச்சிருக்கேன். டீச்சர் வர்றாங்கல்ல?"

"இருங்க" என்று காதிலிருந்து எடுத்தார்.

"அம்மா" என்றார் டீச்சர். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இறங்கிடறேன். நிஜமா."

உள்ளிருந்து நடத்துனர் எட்டிப் பார்த்தார். "ஏறறீங்களா, இறங்கறீங்களா? நிறைய பேர் வேலைக்குப் போகணும்."

ஒரு வார்த்தை போதும். பூனையம்மாவின் நாக்கு நுனியில் அது வந்து நின்றது. சுவரில் அவருடைய பிள்ளைகள். கையிலிருந்த கைபேசிக்குள் யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

அவர் முன்னால் வந்து, டீச்சரின் பையைக் கீழிருந்து ஒரு தள்ளுத் தள்ளிப் படியில் ஏற்றிவிட்டார். பிறகு உள்ளங்கையை விரித்து, பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தில் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினார்.